கேட்கத் தெரிந்தவன்

அவனை நாங்கள் எல்லோரும் ‘கோச்’ என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியாமல் இல்லை. அஸ்தினாபுரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் அந்தப் பெயரும் முகமும் தெரியாத வீடு இப்போது குறைவு. ஆனாலும் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைப் பற்றி ஊரறியச் சொன்னால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

அவனை நினைத்ததும் முதலில் ஞாபகம் வருவது, அவன் தன் போனைக் கவிழ்த்து வைக்கும் விதம். போன்தான் அவனுக்குப் பிழைப்பு. பூங்கா பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துத் தண்டால் எடுப்பான். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவான். எல்லாவற்றையும் எதிரில் நிறுத்திவைத்த போன் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, அவனை நேரில் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் யாராவது அருகில் போய், “கோச், ஒரு விஷயம்” என்றால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நிறுத்திவிடுவான். போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அந்த வயதில் அப்படிக் காதுகொடுத்துக் கேட்கிறவனை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். தலையை ஆட்டிக்கொண்டே மனசை வேறெங்கோ வைத்திருக்கிற முகத்தை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். அவன் முகம் அந்த ரகம் இல்லை.

ஒருநாள் அவனுடைய காலை வகுப்பு பாதியில் நின்றுபோனது. மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சரோஜா அக்கா குனிந்து நிமிர்கிற பயிற்சியின் நடுவே அப்படியே புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவர் வளர்த்த நாய் முந்தின நாள் செத்துப்போயிருந்தது. நாங்கள் நாற்பது பேர் என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றி நின்றோம். நாய்க்காக இவ்வளவு அழுகையா என்றுகூட எங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பேரு இன்னாக்கா?”

“மணி.”

“எத்தினி வருஷமா கூட இருந்துச்சு?”

அவ்வளவுதான் கேட்டான். சரோஜா அக்கா அரைமணி நேரம் பேசினார். அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை. மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்துபோன பிறகு, அவன் போகிறபோக்கில் அவரிடம் கேட்டான்: “அக்கா, மணி படுத்துக்கினு இருந்த எடத்துல இப்ப இன்னா வச்சிருக்கீங்க?” அவர் முகம் மலர்ந்து, “துளசித் தொட்டிப்பா” என்றார். அவர் பெற்ற பிள்ளைகள்கூட அதைக் கேட்கவில்லை என்று பிறகு எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது சர்க்கரையால். இரண்டே வருடத்தில் உடம்பு ஒரேயடியாகப் பெருத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வேன். நடக்கச் சொல்லி டாக்டர் திட்டினார். பூங்காவுக்குப் போனேன். மூன்று நாள் கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தார்கள். நாலாவது நாள் அவனே வெளியே வந்தான்.

“இன்னாக்கா, மூணு நாளா கேட்டாண்டயே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க.”

எடை எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எதுவும் விசாரிக்கவில்லை. வேறொன்று கேட்டான். “எப்பக்கா ரொம்ப சாப்புடுறீங்க? பசிக்கும்போதா, பசிக்காதப்பவா?”

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அழுதேன். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவன் பேர் பரவியது கோவளத்து வீடியோவுக்குப் பிறகுதான். கடற்கரையில் ஓடுகிற மாதிரி ஏதோ எடுக்கப் போயிருக்கிறான். படகு வந்து மீன் இறக்குகிற இடத்தில், கூடையைத் தூக்க முடியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கூடையை எப்படித் தூக்கினால் தோள் வலிக்காது என்று அவருக்குக் காட்டிக்கொடுப்பதுதான் வீடியோ. ஆனால் நடுவில் அந்தப் பெண் தன் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாததைச் சொல்லி, கடலைப் பார்த்துத் திட்டுவார். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், நாலு பேருக்கு அனுப்பினேன். இதைப் போடட்டுமா என்று அந்த அம்மாவைக் கேட்டானா என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சாப்பிடுவதை எல்லாம் அவனுக்குச் சொல்லவேண்டும். எழுதி அனுப்பச் சோம்பல்படுகிறவர்கள் குரலில் பதிவுசெய்து அனுப்பலாம். நான் குரலிலேயே அனுப்புவேன். காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் சாதம் ஒரு கரண்டி, சாயங்காலம் பிள்ளைகள் கொடுத்த பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் இருக்கும். போகப்போக அதில் பள்ளிக்கூடத்துக் கதை வந்தது, சர்ச்சில் பாட்டு சரியாக வராத கதை வந்தது. அவன் ஒன்றையும் விடாமல் கேட்பான். மறுநாள் காலையில் அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக் கேட்பான். என் வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாமல் போய் வருடக்கணக்காகியிருந்தது. கணவர் இறந்துபோனார். மகள் பேசுவதில்லை.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில், அந்தக் கதையையும் அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

கணவர் போன பிறகு தனியாக நின்று மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். சபையில் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தே மாதத்தில் அவள் ஒரு பையோடு ஓசூரிலிருந்து வந்து நின்றாள். “கொஞ்ச நாள் இங்கயே இருக்கேம்மா” என்றாள். நான்தான் புத்தி சொல்லி, மறுநாள் மத்தியானமே ஆட்டோவில் ஏற்றி, தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். பையை மேலே வைக்க அவள் கையைத் தூக்கினபோது சுடிதார் கை விலகியது. முழங்கைக்கு மேல் நாலு விரல் பதிந்த காயம், கறுத்துப்போய். நான் குனிந்து என் கைப்பையில் எதையோ தேடினேன். பஸ் கிளம்புகிறவரை தேடிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மாதத்தில் அவளே அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு விடுதியில் தங்கிவிட்டாள். ஒரே ஒரு தடவை போனில் என்னிடம் கேட்டாள்: “அன்னைக்கு பஸ்ல என் கைய நீ பாத்தியாம்மா?” நான், “இல்லையேம்மா, கூட்டத்துல எங்க பாத்தேன்” என்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சாப்பிட்டியா’ என்று ஒரு செய்தி மட்டும் வரும். குரல் வராது. அந்தச் செய்தியை நம்பித்தான் நான் வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மற்ற நேரத்தில் பசிக்காமல் சாப்பிட்டேன்.

இவ்வளவையும் அவனுக்குச் சொன்னேன். பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன், அவளிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று. ஜெபத்தில்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் மழையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. “கேட்டேன்க்கா” என்றான். எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. “நாளைக்கு மழ வுட்டா வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கர்த்தர் அனுப்பிய ஆள் இவன் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டு படுத்தேன்.

உடம்பு இளைத்தது. சர்க்கரை இறங்கியது. இன்றுவரை கட்டுக்குள் இருக்கிறது. அதற்கு அவன்தான் காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பொய் ஆகிவிடும்.

அடுத்த வருடம் அவன் சொந்தமாகத் தொழில் தொடங்கினான். சிறுதானியமும் பயறும் வறுத்து அரைத்த சத்துமாவு. சிறுசேரிக்குப் போகிற ரோட்டில் முதல் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். மாவின் பக்குவம் சரோஜா அக்கா சொல்லிக்கொடுத்தது. ஆபீஸ் சாமான்களை எங்கள் பூங்கா ஆட்களே ஏற்றி இறக்கினார்கள். டப்பாவில் ஒட்டும் தாளிலும் விளம்பரத்திலும் தமிழ் தப்பில்லாமல் இருக்கவேண்டும் என்று என்னிடம் கொடுத்தான். ‘உண்மை கதைகள்’ என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. சிவப்பு மையால் நடுவில் ஒரு ‘க்’ போட்டுக் கொடுத்தேன். யாருடைய கதைகள் என்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். பின்னணியில் மெல்லிய வீணை. அதற்கு மேல் ஒரு பெண் பேசினாள். “நான் பாத்தேன்ப்பா. பாத்துட்டுப் பாக்காத மாதிரி பையைத் தேடிக்கிட்டு இருந்தேன்.” அது யார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. நம் குரல் வெளியிலிருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறதல்லவா. கணக்கு டீச்சர்தான் முதலில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைச் சட்டென்று அணைத்தார். அந்த அவசரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கழிப்பறைக்குப் போய் முழுவதையும் பார்த்தேன். என் பெயர் இல்லை. முகம் இல்லை. பூங்காவில் நான் நடந்து போகிற முதுகு இருந்தது, எல்லோருக்கும் தெரிந்த பச்சைப் புடவையில். ஓசூர் இருந்தது. பஸ் இருந்தது. நாலு விரல் இருந்தது. கடைசியில் ஒரு டப்பாவும், நான் திருத்திக்கொடுத்த எழுத்துகளும்.

சாப்பாட்டு மணி அடித்தபோது மகள் போனில் கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை அவள் குரல்.

“அம்மா, அது நீதானே?”

நான் போனோடு வராந்தாவுக்கு வந்தேன்.

“அப்போ நீ பாத்தியா? பாக்கலன்னு சொன்னியே. பாக்கலன்னு சொன்னதாலதான் நான் உனக்கு மெசேஜாவது போட்டுட்டு இருந்தேன்.”

“கண்ணு...”

“யாரோ ஒரு ஆளுகிட்ட சொல்ல முடிஞ்சுது உன்னால. என்கிட்ட முடியலல்ல? உன் குரல் தெரிஞ்ச யாரோ அனுப்பி, இப்ப என் ஆபீஸ்ல கேக்குறாங்க. அந்த வீட்டு ஆளுங்க ஃபோன் பண்ணி, ஊரெல்லாம் மானத்த வாங்குறியான்னு கத்துறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

வைத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் ஏழாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

பள்ளி விட்டதும் நேராக அவன் ஆபீசுக்குப் போனேன். என்னைக் கண்ணாடிக்கு அப்பாலேயே பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்தான். நாற்காலி இழுத்துப் போட்டான். போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“இன்னாக்கா, ஒரு கால் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்ல.”

“அது என் குரல்.”

“ஆமாக்கா” என்றான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. “எத்தினி பேரு அழுதாங்க தெரியுமா? எத்தினி அம்மாங்க மெசேஜ் போட்டுகினே கீறாங்க. நாங்களும் இப்பிடித்தான் பாத்தும் பாக்காம இருந்துட்டோம்னு.”

“யாரைக் கேட்டுப் போட்ட?”

“பேரு போடலியேக்கா. மூஞ்சியும் காட்டல.”

“என்னைக் கேட்டியா?”

அப்போதுதான் கொஞ்சம் யோசித்தான். “நீங்க எனக்குத்தானக்கா அனுப்புனீங்க. நான் அத எத்தினி தபா கேட்டிருப்பேன் தெரியுமா? பஸ்ல போவும்போது கேப்பேன். அது என்னாண்டயே கீதுன்னு நெனச்சிட்டேன்.”

அதில் நடிப்பு இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்த அழுகைகளிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். சட்டென்று அந்தக் கோவளத்து அம்மாவின் ஞாபகம் வந்தது.

“அந்த மீன்காரம்மாவக் கேட்டியா, மகனைப் பத்திப் போடுறதுக்கு?”

“செல்வியக்காவா? அவங்களுக்குத் தோள்வலி சுத்தமா போயிடுச்சுக்கா. போன வாரங்கூட பேசினேன். சின்னப் பொண்ணு பத்தாவது எழுதுது.”

அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் கேட்டது மட்டும் காதில் ஏறவில்லை.

“என் பொண்ணு கேட்டுட்டா” என்றேன். “எனக்கு போன் பண்ணினா.”

அவன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். கலங்கின கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “பேசிச்சா? உங்களாண்ட பேசிச்சா? மூணு வருஷம் கழிச்சா? அக்கா, இதத்தான்க்கா சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா கேமரா முன்னால உக்காந்து ஒரே ஒரு தபா...”

நான் எழுந்துவிட்டேன். அவன் பதறிப்போய், “இல்லக்கா, வேணாம்னா வேணாம், இப்பவே எடுத்துடுறேன்” என்று என் கண்ணெதிரிலேயே அந்த வீடியோவை நீக்கினான். நீக்கி என்ன? அதற்குள் எங்கள் சபைக் குழுவிலேயே அதை இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். ‘தாய்மார்களே, அவசியம் கேளுங்கள்’ என்று மேலே ஒரு வரி. கீழே கும்பிடுகிற கைகள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள் போய்விட்டு, பூங்காவுக்குப் போவதை விட்டேன். அங்கே யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று பயந்தது வீண். எல்லோரும் வந்து பேசினார்கள். எல்லோரும் இரக்கத்தோடு தலையைச் சாய்த்துக்கொண்டு பேசினார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் மகள் வாசல் கேட் அருகில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“சொல்லு” என்றாள். “அவன்கிட்ட சொன்னத என்கிட்ட சொல்லு.”

சொன்னேன். அவனிடம் தடையில்லாமல் வந்தது, இவளிடம் வரவில்லை. இவள் கேட்கிற விதம் வேறாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நடுவில், “அது இல்ல, நான் அப்படிச் சொல்லல” என்று வெட்டினாள். ஒருமுறை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திரும்பி வருகிறவரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்:

“எந்தக் கை?”

“இடது கை. முழங்கைக்கு மேல. உள்பக்கம்.”

அவள் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். “ஆமா” என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். பதிலே இல்லாமல் பத்து நாள் போனது. பிறகு ஒரு செய்தி வந்தது: ‘எழுதிக்கோ. ஆனா முழுசா எழுது. நீ பொய் சொன்னதையும் எழுது.’

அவனைக் கடைசியாகப் பார்த்தது தாம்பரம் ஸ்டேஷனில். வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் நின்றேன். மகள் முதல்முறையாக என்னைக் கோயம்புத்தூருக்கு வரச்சொல்லியிருந்தாள். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ என்றிருந்தாள். விடுதியை விட்டு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள். காலையிலிருந்து யாரிடமாவது அதைச் சொல்லவேண்டும் என்று வாய் துடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு ஆள்தான் இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் வந்தான். கொஞ்சம் கனத்திருந்தான், நல்ல சட்டை. கூட வந்த இரண்டு பேரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

“அக்கா, எப்பிடிக்கா கீறீங்க? பாப்பா எப்பிடி கீது?”

விசாரிப்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். அந்தப் பிளாட்பாரத்தில், அந்த நேரத்தில், என் மகள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே ஆள் அவன்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடவேண்டும்போல் இருந்தது. வீடு எடுத்திருப்பதை, என்னை வரச்சொன்னதை, எனக்காக ஒரு புதுத் தலையணை வாங்கி வைத்திருக்கிறாளாம் என்பதை.

“வண்டி வந்துடும்ப்பா” என்றேன்.

வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் மறுகோடிவரை நடந்தேன்.